பதினாறு எண்களும் ஒன்றாக இருந்தன

மாட்டிடமும் மனிதரிடமும் மாதிரி எடுத்து வரும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மாட்டை அசையாமல் பிடிப்பது, குழாயில் பெயர் எழுதுவது, ஐஸ் பெட்டி அடுக்குவது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்ல நினைப்பது கோவிந்தம்மா என்ற பெண்ணைப் பற்றி. ஒரு மாட்டைப் பற்றி நான் இரண்டு வாரம் முன்னதாகச் சொன்ன ஒரு வார்த்தையால், முன்பின் தெரியாத அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையை இழந்தாள். அதற்கு அவள் கைராசிதான் காரணம் என்று அவள் வீட்டில் சொன்னார்கள். அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் எட்டாவது வரை போனவன். அதையும் மூன்று ஊர்களில் படித்தேன். பிறகு ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் வெல்டிங், சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையில் இரண்டு சீசன், நெல்லூர் பக்கம் இறால் குட்டையில் காவல், நடுவில் லாரி. எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. திருப்பதியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மாடு பிடிக்கத் தெரிந்த, தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். ஊர் ஊராகச் சுற்றும் வேலை என்பதால் சேர்ந்தேன். இதில் மட்டும் ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

நாங்கள் தேடியது கன்று வீச்சு நோய். மாடு மாதம் நிறையாமல் கன்றைப் போட்டுவிடும். அதே கிருமி மனிதருக்கு வந்தால் காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். மூட்டெல்லாம் கழன்றதுபோல் வலிக்கும். எனக்கே வந்தது. சேர்ந்த இரண்டாம் வருடம் கிழிந்த கையுறையோடு ஒரு மாட்டின் இளங்கொடியை, அதாவது நஞ்சுக்கொடியை, எடுத்தேன். ஒன்றரை மாதம் மாத்திரை. இன்றைக்கும் மாடி ஏறினால் இடது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்த மேடத்துக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. தெலுங்குக்காரர். சித்தூரில் படித்ததால் தமிழும் பேசுவார். கிருமியின் மரபணுவைப் பற்றி எனக்குப் புரிகிறமாதிரி சொன்னவர் அவர்தான். அந்த மரபணுவில் சில இடங்களில் ஒரே துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வருமாம். ஓர் இடத்தில் மூன்று முறை, இன்னோர் இடத்தில் ஐந்து முறை. கிருமி பரவிப் பெருகும்போது இந்த எண்ணிக்கை மெதுவாக மாறும். அப்படிப் பதினாறு இடங்களைப் பார்த்து, பதினாறு எண்களை ஒரு வரிசையில் எழுதுவார். இரண்டு கிருமிகளின் வரிசை நான்கைந்து இடத்தில் வேறானால் தூரத்து உறவு. ஒன்றில் மட்டும் வேறானால் பங்காளி. பதினாறும் ஒன்றானால், ஒரே இடத்திலிருந்து வந்தது என்று நினைத்துத் தேடத் தொடங்கவேண்டும். “நம்பர் யார் குத்தவாளின்னு சொல்லாது ஏழுமலண்ணா. எந்த வழியில போய்த் தேடணும்னுதான் சொல்லும்” என்பார்.

முனிரத்தினத்தின் வீடு சித்தூரிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய ஊரில். அவனுக்கு ஒரே மாடு. ஏழாம் மாதம் கன்று போட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு மாதிரி எடுக்கப் போனேன். அப்போது எல்லா மாட்டுக்கும் காதில் பன்னிரண்டு எண் போட்ட மஞ்சள் வில்லை குத்திக்கொண்டிருந்தார்கள்.

“வா அண்ணா. எங்க லட்சுமிக்கு ஆதார் கார்டு குத்தியாச்சி. ரேஷன் கார்டு எப்போ குடுக்கப் போற?” என்றான்.

“மொதல்ல நீ அதுங்கிட்ட ஒத வாங்காம புடி. அப்புறம் ஓட்டு கூடப் போட வெக்கிறேன்.”

அப்படிப்பட்ட ஆள். மாட்டுக்கு வலது கொம்பு கண்ணைப் பார்த்து வளைந்திருந்தது. குத்திவிடாமல் இருக்க அதன் நுனியை அவனே அரத்தால் ராவிவிட்டிருந்தான். இரத்தம், பால், இளங்கொடியின் ஒரு துண்டு எல்லாம் எடுத்து வந்தேன்.

இருபது நாளில் முடிவு தெரிந்தது. மாட்டுக்கு நோய் இருந்தது. எங்கள் விதி உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். முடிவு ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த மண்டலத்துக் கால்நடை டாக்டருக்குப் போகும். அவர் நேரில் வந்து சொல்லி, மாட்டைத் தனியாகக் கட்டவைத்து, விற்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார். அதற்கு முன்னால் மாதிரி எடுப்பவர் வாய் திறக்கக்கூடாது. எனக்கு அந்த விதி பிடிக்காது. காகிதம் மேசை மேசையாகப் போய்வர இரண்டு வாரம் ஆகும்.

முடிவு தெரிந்த மறுநாளே பக்கத்துத் தெருவுக்கு வேலையாகப் போனவன், முனிரத்தினத்தின் வீட்டில் எட்டிப் பார்த்தேன். வாசலில் அவன் மகள் நின்றிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். முழங்கை வரை கண்ணாடி வளையல். அந்த வளையல் கையை மாட்டுத் தொட்டிக்குள் விட்டுத் தவிட்டைக் கரைத்துக்கொண்டிருந்தாள். மாடு அவள் தோளை நக்கிக்கொண்டிருந்தது.

“நேத்துதான் கூட்டிக்கினு வந்தோம். வந்ததுலேர்ந்து மாட்டாண்டையேதான் கீறா. அவ கரைச்சி வெச்சாதான் அது குடிக்குது” என்றான் முனிரத்தினம், பெருமையாக.

எனக்கு வந்த காய்ச்சல் ஞாபகம் வந்தது. கர்ப்பிணிக்கு வந்தால் என்ன ஆகும் என்று மேடம் சொல்லியிருந்ததும் ஞாபகம் வந்தது. அவனை வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

“முனிரத்தினம், மாட்டுக்குக் கன்னு வீசுற நோவு கீது. பொண்ண மாட்டாண்ட வுடாத. காய்ச்சாத பால் குடுக்காத. நா சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத. டாக்டர் வந்து சொல்லுவாரு.”

“எப்போ வருவாரு?”

“ரெண்டு வாரம் ஆவும்.”

“அதுவரைக்கும் இத எங்க அண்ணா கட்றது? வாசப்படியில கால வெச்சா மாட்டு மேலதான் வெக்கணும்.”

“எங்கனா தள்ளிக் கட்டு” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபோது, இன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தோம் என்றிருந்தது. அந்த டீயின் ருசிகூட நினைவிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து டாக்டரோடு போனேன். கொட்டகை காலியாக இருந்தது.

“செத்துப்போச்சி சார். வயிறு உப்பிக்கினு செத்துப்போச்சி. பின்னால பொதைச்சிட்டோம்” என்றான் முனிரத்தினம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பூசணிக் கொடி படர்ந்திருந்தது. ஒரு மாட்டைப் புதைக்க எவ்வளவு பெரிய குழி வேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கே மண்வெட்டியே பட்டிருக்கவில்லை. டாக்டருக்கு அன்று இன்னும் மூன்று ஊர் பாக்கி. கொடிகளுக்கு மேலேயே ஒரு பார்வை பார்த்துவிட்டு, இறந்தது என்று எழுதிக்கொண்டார்.

இங்கேதான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். வைக்கோல் போருக்குப் பின்னால் நான் பேசியது தவறு. ஆனால் அது ஒரு பெண் பிள்ளையைப் பார்த்துப் பதறிப் பேசியது. பூசணிக் கொடிக்கு முன்னால் நான் பேசாமல் நின்றதற்கு அப்படி எந்தச் சாக்கும் இல்லை. “இங்க தோண்டவே இல்லியே” என்று நான் கேட்டிருந்தால், விற்றுவிட்டேன் என்று ஒத்துக்கொண்டிருப்பான். ஏன் விற்றாய் என்ற கேள்வி வரும். யார் சொன்னது என்ற கேள்வி அடுத்து வரும். அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்து முதல் கேள்வியை நான் கேட்கவில்லை. மாடு எங்கேயோ ஒரு வீட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்தே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ மாடுகள். நானும் அதை மறந்துவிட்டேன் என்றே சொல்லவேண்டும்.

ஒரு நாள் மேடம் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாளை விரித்து வைத்திருந்தார். ராமகுப்பத்துப் பக்கமிருந்து ஒரு பெண் திருப்பதிக்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ஐந்தாம் மாதம் கரு கலைந்திருந்தது. டைபாய்டு என்று பக்கத்துக் குப்பம் டவுனில் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கே அவள் இரத்தத்தில் எங்கள் கிருமி வளர்ந்தது.

“இக்கட சூடண்டி, இங்க பாருங்க” என்று தெலுங்கில் தொடங்கி, வரிசையின் மேல் பென்சிலை ஓட்டினார். “மேல இருக்கிறது அந்தப் பொண்ணோட கிருமி. கீழ இருக்கிறது போன வருஷம் நீங்க கொண்டுவந்த மாடு, செத்துப்போச்சே, அது. பதினாறும் ஒண்ணு. நம்மகிட்ட இருக்கிற வேற எந்த மாட்டுக்கும் இப்படி இல்ல. செத்த மாடு எப்படி அண்ணா குப்பம் பக்கம் போகும்?”

“போய்ப் பாத்துட்டு வரேன் மேடம்” என்றேன். அவர் சொல்வதற்கு முன்பே சொன்னேன். எண்களை அவர் படித்துக்கொண்டிருந்தபோதே எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். வீட்டை ஒட்டிப் புழுக்கொட்டகை. வெளியே மல்பெரித் தழைக் கட்டுகள். மாடு வேப்பமரத்தடியில் கட்டியிருந்தது. வலது கொம்பு கண்ணைப் பார்த்து வளைந்து, நுனி மழுங்கி இருந்தது. காதில் வில்லை இல்லை. வில்லை இருந்த இடம் கிழிந்து, இரண்டு இலையாக ஆறிப்போயிருந்தது.

கோவிந்தம்மாவுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள். ஆறு வாரத்து மாத்திரையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். நான் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். சந்தையில் வாங்கிய மாடு. இங்கே வந்து சினைப்பட்டது. கன்று முன்னாடியே பிறந்து, கொஞ்ச நேரத்தில் செத்துவிட்டது. இளங்கொடி மறுநாள் வரை விழவில்லை. அவள்தான் கையால் இழுத்து எடுத்தாள். பழைய புடவைத் துணியில் வைக்கோலோடு சுற்றி, ரோட்டோரத்து ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தாள். அப்படிக் கட்டினால் மாடு நிறையப் பால் கறக்கும் என்பது நம் பக்கத்து வழக்கம். தெரியும்தானே. அப்போது அவளுக்கு மூன்று மாதம்.

“யார் கட்டச் சொன்னாங்க?”

“அத்ததான். நாய் துன்னுட்டா மாடு பால் குடுக்காதுன்னு சொன்னாங்க.”

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. “நா கட்டச் சொன்னேன். எங்க மாமியா சொன்னா நானுந்தான் கட்டினேன். எனக்கு இன்னா ஆச்சி? மூணு புள்ள பெத்தேன். இவ கை பட்டுது, கன்னு செத்துது. இவ வயித்துலயும் நிக்கல. அந்தக் கையோட புழுக்கொட்டாய்க்குள்ள வுட்டா மொத்த புழுவும் போயிடும்.”

புழு வளர்க்கிற வீட்டில் இது சின்ன வார்த்தை இல்லை. தீட்டு, கண்ணேறு என்று ஆயிரம் பார்த்துத்தான் உள்ளே ஆளை விடுவார்கள். அந்தக் கொட்டகைக்குள் விடாத மருமகளுக்கு அந்த வீட்டில் வேறு வேலை இல்லை. வேலை இல்லாதவளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

கோவிந்தம்மா குரலைத் தாழ்த்தினாள். “மாத்தர முடிஞ்சதும் எங்கம்மா வூட்டுக்குப் போவச் சொல்லிக்கினு கீறாங்க சார். ரத்தம் எடுத்தீங்களே, அதுல இன்னா வந்துது? தப்பு என் கை மேலயா?”

“இல்லம்மா. கிருமி மாட்டோடதான் வந்துது” என்றேன்.

“வாங்கறப்போ மாடு நல்லாத்தான் இருந்துது” என்றார் மாமியார், வெளியே வந்து. “எங்க வூட்டுக்காரர் பல்லப் புடிச்சிப் பாத்து வாங்கினாரு. நோவு இருந்தது யாருக்குத் தெரியும்? ஒனக்குத் தெரியுமா?”

ஒரே ஒரு வார்த்தை போதும். தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்தக் கிழவியின் வாய் அன்றே அடைபட்டிருக்கும். “இப்போ டெஸ்ட் பண்ணித்தான் தெரிஞ்சிது” என்று சொல்லிவிட்டேன். கோவிந்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டப்பாவைத் திறந்து மாத்திரைகளை எண்ணத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் முனிரத்தினத்திடம் போனேன். அவன் மறைக்கவே இல்லை.

“வித்துட்டேன் அண்ணா. நீ சொன்ன மறுநாளே காத அறுத்து வில்லைய எடுத்துட்டு சந்தைக்கு ஓட்டிக்கினு போயிட்டேன். புள்ளத்தாச்சிப் பொண்ண வெச்சிக்கினு அத எப்டி அண்ணா வாசல்ல கட்றது? நீதான சொன்ன?” அவன் இடுப்பில் பேத்தி இருந்தாள். என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பிடித்து இழுத்தாள். நல்ல பிடி.

“வாங்கினவங்க வூட்ல ஒரு பொண்ணுக்குக் கரு கலைஞ்சிடுச்சி” என்றேன்.

அவன் குழந்தையின் கையிலிருந்து பேனாவை மெதுவாக விடுவித்து என்னிடம் கொடுத்தான்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்து படிவத்தை நிரப்பினேன். மாடு கைமாறிய இடம், நாள், வழி எல்லாம் எழுதினேன். விற்ற காரணம் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். மேடம் படித்தார். “ஏழுமலண்ணா, மாட்டுக்காரன் சட்டை என்ன கலர்னு கூட எழுதுற ஆள் நீங்க. இது ஒண்ணு மட்டும் தெரியலையா?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வைக்கோல் போர், பூசணிக் கொடி, ராமகுப்பத்தில் விழுங்கிய வார்த்தை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அன்னிக்கு உங்க கையில போன் இருந்துதா?” என்று கேட்டார்.

“இருந்துது மேடம்.”

“வீட்ல கர்ப்பிணி இருக்கான்னு ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருந்தா, பேப்பராவது ஒண்ணாவது, அன்னிக்கே டாக்டரைக் கூட்டிக்கிட்டு நான் வந்திருப்பேனே அண்ணா.”

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. அதுதான் உண்மை. சொல்வது, சொல்லாமல் இருப்பது என்று இரண்டே வழிதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. தனியாக ஊர் சுற்றியே பழகியவன், எதையும் தனியாகவே முடிவு செய்கிற பழக்கம். நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். ஆனாலும் அந்த வாசலில் நிற்கும்போது உங்களுக்கும் இரண்டு வழிதான் தெரியும். அந்த நேரத்தில் போனை எடுங்கள். விதி தவறென்றால் விதி போட்டவரைக் கூப்பிட்டு, தவறு என்று சொல்லுங்கள். நோய் இருக்கிற மாட்டைப் பற்றி ஒருவனுக்கு மட்டும் தெரிந்தால், அவன் அதைத் தெரியாதவன் தலையில்தான் கட்டுவான். முனிரத்தினம் கெட்டவன் இல்லை. வேறு கொட்டகை இல்லாதவன்.

மேடம் படிவத்தை என் பக்கம் தள்ளினார். “இத நீங்களே திருத்துங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லணும்.”

மறுநாள் மறுபடி ராமகுப்பம் பஸ் ஏறினேன். கோவிந்தம்மா வாசலில் தழை நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே விடாவிட்டாலும் தழை நறுக்க விட்டிருந்தார்கள். அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னேன். கத்தியை நிறுத்தாமல் கேட்டாள். முனிரத்தினத்தின் மகள் என்று வந்த இடத்தில் மட்டும் கத்தி நின்றது.

“அந்தப் பொண்ணுக்குக் கொயந்த பொறந்துதா?”

“பொறந்துது. பொண்ணு.”

“நல்லா கீதா?”

“நல்லா கீதும்மா.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, “இத எங்க அத்த முன்னாடி சொல்லு சார். எங்க வூட்டுக்காரரு முன்னாடியும் சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லு” என்றாள்.

கூப்பிட்டாள். வந்தார்கள். விடாமல் சொன்னேன். மாட்டுக்கு நோய் இருந்தது எனக்கு முன்பே தெரியும் என்றேன். செத்துவிட்டது என்று சொன்னது பொய் என்று தெரிந்தும் பேசாமல் வந்தேன் என்றேன். இந்தப் பெண்ணின் கையில் ஒன்றும் இல்லை, யார் கை அந்தக் கொடியைத் தொட்டிருந்தாலும் வந்திருக்கும் என்றேன். அவள் புருஷன் என் சட்டையைப் பிடித்தான். அவன் கையைத் தட்ட எனக்குத் தோன்றவில்லை. அவனே விட்டான். மாமியார் தூணோடு சாய்ந்து நின்று, தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவிந்தம்மா நறுக்கிய தழையைக் கூடையில் வாரினாள். சுவரைப் பிடித்து எழுந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு புழுக்கொட்டகைக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. வாசலில் தொங்கிய கொசுவலையை ஒதுக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

“அந்தப் பொண்ணுக்காக மட்டும் போய்ச் சொன்ன இல்ல சார். மாடு அங்க இல்லன்னு தெரிஞ்ச அன்னிக்கே அத தேடிக்கினு கெளம்பியிருந்தா, எங்க வூட்டுக்கும் வந்திருப்ப.”

உள்ளே போய், வலையை இழுத்து மூடிக்கொண்டாள்.